இரு வழி இணையமும் எம் பனியன் நிலையமும்

ஒற்றைக் கயிற்றை நம்பிக் கிணற்றில் இறங்குபவனைத் துணிவுடையவன் என்று சொல்லலாம். அறிவுடையவன் என்று சொல்லுதல் அரிது. கொங்கு நாட்டு உழவர் இவ்வுண்மையை ஏட்டில் படித்தவரல்லர். தம் தோட்டத்தில் கண்டவர். மின்சாரப் பம்பு வருவதற்கு முன்னர், நீர் நிறைந்த பெருங் கிணறுகளில் இரண்டு கவலைகளைப் பூட்டி எருதுகளைக் கொண்டு நீர் இறைப்பது அந்நாட்டில் காணக்கூடிய காட்சி. ஒரு சோடி எருதுகள் நோயுற்றுப் படுப்பினும், ஒரு சாலின் தோல் கிழிந்துபோயினும், மற்றைக் கவலை வாய்க்காலுக்கு நீர் ஊட்டிக்கொண்டேயிருக்கும்; பயிர் வாடாது. மிகுந்த நீர் வேண்டும்போது இரண்டும் ஒருங்கே இறைக்கும். ஒன்று நின்றபோது மற்றொன்று காக்கும். இவ்விரு பயனையும் ஒரே ஏற்பாட்டில் பெற்றனர் எம் முன்னோர்.

இக்காலத்தே திருப்பூரில் தொழில் நடத்துவோர்க்கு நீரைப் போலவே இன்றியமையாததாகிவிட்ட மற்றொரு வாய்க்கால் உண்டு. அதுவே இணையம். அவ்வாய்க்காலுக்கு இரண்டு கவலை பூட்டிய வரலாற்றையே இவ்வாண்டு மலருக்கு எழுதத் துணிந்தேன். நம் கல்லூரியில் இயற்பியல் பயின்று வெளியேறிய யான், என் தாய்மாமன் திருப்பூரில் நடத்திவரும் சிறியதோர் ஏற்றுமதிப் பனியன் நிலையத்தில் கணக்கெழுதுவதோடு, கணினி முதலியவற்றைப் பேணும் வேலையையும் பார்த்து வருகின்றேன். ‘உம் தொழிலைப் பற்றி எழுதுக’ என்று மலராசிரியர் பணித்தார். திருப்பூர்த் தொழில் என்றவுடன் நூலும் சாயமும் தையலுமே பலர் நினைவிற்கு வரும். அவற்றைப் பற்றி எழுதவல்லார் பலர் உளர். யானோ, காரியாலயத்தின் சுவர் மூலையில் பச்சை விளக்குகள் மினுக்க அமர்ந்திருக்கும் ‘ரௌட்டர்’ என்னும் சிறு பெட்டியைப் பற்றி எழுதுகின்றேன். செய்திகளுக்கு வழிகாட்டி அனுப்பும் கருவியே ரௌட்டர் எனப்படும்.

நொய்யலாற்றங்கரையிலுள்ள திருப்பூரைப் பற்றி நம் மாணவர்க்கு அதிகம் கூறவேண்டுவதில்லை. 1932-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கொடியைக் கைவிடாது உயிர் நீத்த குமரனால் அவ்வூர் பெயர் பெற்றது. 2009-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. உள்நாட்டார் உடுத்தும் வெள்ளைப் பனியனில் தொடங்கிய தொழில், 1970-களின் இறுதி தொட்டு ஐரோப்பிய வர்த்தகரின் கவனத்தை ஈர்த்தது. 2024–25 நிதியாண்டில் அவ்வட்டாரத்தினின்று ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய் பெறுமான பின்னலாடைகள் வெளிநாடுகளுக்குச் சென்றன. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஓர் ஆடை பல கூடங்களைக் கடந்தே பெட்டிக்குள் அடங்குகின்றது. அது பெட்டிக்குள் அடங்கிய பின்னரும் ஒரு வேலை எஞ்சியிருப்பதை வெளியூரார் அறியார். அவ்வேலை ஊசியால் நடைபெறுவதன்று, இணையத்தால் நடைபெறுவது.

அதனைச் சற்று விளக்குவேன். 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. 2018 ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கிற்கு ‘இ-வே பில்’ என்னும் சீட்டு கட்டாயமாயிற்று; ஏற்றுமதிக்காகத் துறைமுகம் செல்லும் சரக்கிற்கும் அச்சீட்டு வேண்டும். 2023 ஆகஸ்டு முதல், ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைக் கடந்த நிலையத்தார் தம் விலைப்பட்டியலையே அரசாங்கத்தின் இணையதளத்தில் பதிந்து எண் பெறல் வேண்டும். இச்சீட்டுகள் இன்றி லாரி வாயிலைத் தாண்டுதல் இயலாது. சுங்கத்தாரிடம் பத்திரம் தாக்கல் செய்வதும், வெளிநாட்டு வர்த்தகர் ‘அனுப்புக’ என்று இசைவு தருவதும், சனிக்கிழமை தோறும் தொழிலாளர் கூலியை வங்கி வாயிலாக அவரவர் கணக்கில் சேர்ப்பதும் அவ்வழியேதான் நிகழ்கின்றன. ஆதலின் இணையம் அறுபட்ட நிலையத்தில் யந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்; ஆனால் ஒன்றும் வெளியே செல்லாது.

சில ஆண்டுகட்கு முன் ஒரு வியாழக்கிழமை எமக்கு அத்தகைய இடர் நேர்ந்தது. அந்நாளில் எம்மிடம் இருந்தது ஒரே கம்பி. நண்பகலில் அது செத்தது. கம்பி தந்த நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்தோம். ‘ஆள் வருகின்றார்’ என்றனர். மாலை வரை எவரும் வந்திலர். பெட்டிகள் ஏற்றிய லாரி வாயிலில் நின்றது. தூத்துக்குடித் துறைமுகமோ 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது. கப்பலுக்குரிய நேரம் தவறினால், அச்சரக்கை விமானத்தில் ஏற்றியனுப்பும் செலவு விற்பவன் தலைமேல் விழும் என்பது எம் ஒப்பந்தம். விமானக் கூலி அவ்வேலையின் ஊதியத்தை மட்டுமன்று, முதலையும் தின்னவல்லது. என் மாமா வாயிலுக்கும் காரியாலயத்திற்குமாக நடந்த நடை இன்றும் என் கண்முன் நிற்கின்றது. கைபேசியின் இணையத்தைக் கணினியோடு இணைத்து, அலை வந்து வந்து மறைய, ஒருவாறு சீட்டெடுத்து இரவு 9 மணிக்கு லாரியை அனுப்பினோம். கப்பல் தவறவில்லை, அது பேறு.

மறுநாள், ‘இன்னொரு கம்பி எடுப்போம்’ என்றேன். “மாப்பிள்ளை, இருக்கிற கம்பிக்கே மாதாமாதம் வாடகை கட்டுகிறோம். ஒன்று சும்மா கிடக்க, அதற்கும் ஒரு வாடகையா?” என்றார் மாமா. அவர் கேட்டதில் நியாயம் உண்டு. யான் அவருக்கு 2012-ஆம் ஆண்டை நினைவூட்டினேன். தமிழகமெங்கும் மின்வெட்டு மிகுந்து, திருப்பூரில் நாளின் பெரும்பகுதி மின்சாரமின்றிக் கழிந்த காலம் அது. அப்போது அவர் கடன்பட்டு ஜெனரேட்டர் வாங்கினார். அதனோடு ‘சேஞ்ச் ஓவர்’ என்னும் மாற்றுக் கைப்பிடியையும் பொருத்தினார். “அந்த ஜெனரேட்டர் இப்போது பெரும்பாலும் சும்மாதான் நிற்கிறது, மாமா. அதை விற்றுவிடுவீர்களா?” என்றேன். அவர் விடை கூறவில்லை. சற்று நேரங்கழித்து, “சரி, ஆகிற வேலையைப் பார்” என்றார். எங்கள் வீட்டில் அதுவே உத்தரவு.

இனி, இரண்டாவது வழி எதுவென்பதில்தான் முதற் கவனம் வேண்டும். இரு வேறு நிறுவனத்தாரிடம் இரு கம்பிகள் வாங்கிவிட்டால் இரண்டு வழி ஆகிவிட்டதென்று பலர் எண்ணுவர். யான் எம் கம்பியைப் பின்தொடர்ந்து தெருவழியே நடந்து பார்த்தேன். மூன்று நிறுவனங்களின் கம்பிகள் ஒரே மின்கம்பத்தில் ஒரே முடிச்சாகக் கட்டப்பட்டு, ஒரே சந்தில் திரும்பி, ஒரே சாக்கடைப் பாலத்தைக் கடந்தன. அக்கம்பத்தில் ஒரு லாரி மோதினால் மூன்றும் ஒருசேர அறுபடும். பெயர் மூன்று, வழி ஒன்று.

இது சிறு சந்துக்கு மட்டும் உரிய குறையன்று. 2008-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடியில் கிடந்த இரண்டு பெருங் கம்பிகள் ஒரே நாளில் அறுபட, இந்தியாவினின்று மேல்நாடு செல்லும் இணையத்தின் பெரும்பகுதி முடங்கிற்று. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களிலும், செங்கடலில் ஜித்தா நகருக்கு அருகே இரண்டு கம்பிகள் அறுந்து, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் இணையம் தளர்ந்தது. உலக வர்த்தகத்தைத் தாங்கும் கம்பிகளே ஒடுங்கிய கடல்வழியில் அடுத்தடுத்துக் கிடக்கும்போது, எம் சந்தின் நிலையைக் கண்டு வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே, கண்ணாடி இழைக் கம்பி முதல் வழியாக இருக்க, இரண்டாவது வழியைக் கம்பியே இல்லாத கைபேசிக் கோபுரத்தினின்று பெறுவதென முடிவு செய்து, அதற்குரிய அலைவாங்கியை மொட்டைமாடியில் நிறுத்தினோம். முன்னது நொடிக்கு 100 மெகாபிட் தரும். பின்னது அளந்து பார்த்ததில் ஏறக்குறைய 40 தந்தது.

இரு வழியையும் ஏற்கவல்ல ரௌட்டர் ஒன்றை வாங்கி வந்து அமைக்கப் புகுந்தேன். அதன் அமைப்புகளை ஈண்டு ஒவ்வொன்றாக விரிப்பேன். இத்தகைய வேலை நம் மாணவருள் பலருக்கு நாளை வாய்க்கக்கூடும்.

முதலாவது, முகவரி. வீட்டுக்கு உள்ளே மட்டும் வழங்குதற்கென்று சில எண் வரிசைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 1996 பிப்ரவரியில் வெளியான விதி அவற்றை வரையறுத்தது. 192.168 என்று தொடங்குவது அவற்றுள் ஒன்று. இரு நிறுவனத்தார் தந்த பெட்டிகளும் தம்மை 192.168.1.1 என்றே அழைத்துக்கொண்டன. எம் ரௌட்டரும் அவ்வாறே. ஒரே தெருவில் மூன்று வீடுகளுக்கு ஒரே கதவெண் இருப்பின் தபாற்காரர் என் செய்வார்? ஆதலின் முதல் வழிக்கு 192.168.10, இரண்டாம் வழிக்கு 192.168.20, நிலையத்தின் உட்புறத்திற்கு 192.168.50 என்று வேறு வேறு வரிசைகள் வகுத்தேன். இவ்வொன்றைச் செய்யாது விட்டு, ‘கருவி பழுது’ என்று கடைக்குத் திருப்பியவர் உண்டு.

இரண்டாவது, உயிர்ச் சோதனை. மின்சாரம் போனால் விளக்கு அணைகின்றது, குருடனும் அறிவான். இணையம் போனாலோ ரௌட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். ஏனெனில், ரௌட்டருக்கும் பக்கத்திலுள்ள நிறுவனத்தார் பெட்டிக்கும் இடையேயுள்ள கம்பி நன்றாகவே இருக்கின்றது. அறுந்தது அதற்கப்பால், தெருக்கோடியில். பக்கத்துப் பெட்டியை ‘இருக்கின்றாயா’ என்று கேட்டால் ‘இருக்கின்றேன்’ என்றே அது கூறும். எனவே நெடுந்தூரத்திலுள்ள, எப்போதும் விழித்திருக்கும் இடங்களை வினவுதல் வேண்டும். 8.8.8.8, 1.1.1.1 என்னும் இரண்டு பொது முகவரிகளை இதற்கென வைத்தேன். 5 நொடிக்கு ஒரு முறை இரண்டையும் அழைக்க வேண்டும். மூன்று முறை தொடர்ந்து இரண்டுமே வாய் திறவாவிடின் அவ்வழி இறந்ததெனக் கொண்டு மற்றதற்கு மாறவேண்டும். ஒரே முகவரியை நம்பினால், அம்முகவரி உறங்கும் நாளில் நல்ல வழியையும் இறந்ததெனக் கருவி மயங்கும்.

மீள்வதற்கும் ஒரு விதி வேண்டும். அறுந்த வழி உயிர்பெற்றவுடன் அதற்குத் தாவிவிடலாகாது. பழுது பார்ப்போர் கம்பியை ஒட்டும்போது அது வருவதும் போவதுமாக இருக்கும். கருவியும் அதனோடு சேர்ந்து இங்கும் அங்கும் தாவினால் ஒரு வேலையும் நடவாது. நோயினின்று எழுந்த எருதை அன்றே கவலையில் பூட்டுவார் உண்டோ? இரண்டு நிமிடம் இடைவிடாது மறுமொழி வந்தாலன்றி முதல் வழிக்குத் திரும்பற்க என்று அமைத்தேன்.

மூன்றாவது, சுமைப் பங்கீடு. இரண்டும் நலமாயிருக்குங்கால் வேலையை இரண்டிற்கும் பகிர்ந்தளிக்கலாம். 100-க்கும் 40-க்கும் ஏற்ப, 5-க்கு 2 என்று பங்கிட்டேன். இங்கே ஒரு மயக்கம் பலர்க்கு உண்டு. 100-உம் 40-உம் சேர்ந்து 140 ஆகும், ஒரு கோப்பு அவ்வளவு விரைவில் இறங்கும் என்று நினைப்பர். அவ்வாறன்று. இரண்டு லாரிகள் இருப்பின் இருமடங்கு பெட்டிகளை ஏற்றலாம். ஆனால் ஒரு பெட்டி தூத்துக்குடியை அடையும் நேரம் அதனால் குறையாது. ஒரு கோப்பு ஒரு வழியேதான் செல்லும். பலர் பலவற்றைச் செய்யும்போதே பங்கீட்டின் பயன் தெரியும்.

நான்காவது, ஒட்டு. வங்கியினது தளமும் அரசாங்கத் தளமும் ஐயப்பாடு மிக்கவை. முன்வாயிலால் நுழைந்தவன் அடுத்த நொடி பின்வாயிலில் தலை நீட்டினால் காவலன் என் செய்வான்? பங்கீட்டின் காரணமாக ஒரே அலுவலின் ஒரு பகுதி முதல் வழியேயும் மற்றொரு பகுதி இரண்டாம் வழியேயும் சென்றால், இரு வேறு முகவரிகளைக் கண்ட அத்தளம் நம்மை வெளியேற்றிவிடும். கூலி அனுப்பும் வேளையில் இது நேர்ந்தால், பணம் சென்றதா இல்லையா என்று திகைத்து நிற்கவேண்டியதுதான். எனவே கணக்குப் பகுதிக் கணினிகள் முதல் வழியையே பற்றியிருக்க வேண்டும், அது இறந்தாலன்றி இரண்டாவதைத் தீண்டலாகாது என்று விதித்தேன். காவற் காமிராக்களின் படங்கள் ஓயாது மேலே செல்வன. அவற்றை இரண்டாம் வழிக்கே ஒதுக்கினேன்.

ஐந்தாவது, பெயரேடு. இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைக் கூறும் ஏடு ஒவ்வொரு நிறுவனத்தாரிடமும் உண்டு. ஆனால் ஒருவரது ஏடு மற்றவர் வழியே வந்து கேட்பார்க்கு விடை தாராதிருத்தலும் உண்டு. வழி மாறியும் பெயரேடு மாறாவிடின், சாலை திறந்திருக்க ஊர்ப் பெயரறியாது நிற்கும் பயணியின் நிலையாகும். ஆதலின் இரு வழியிலும் விடை தரும் பொது ஏட்டையே அமைத்தேன்.

ஆறாவது, வெளியினின்று உள்ளே வருதல். என் மாமா வெளியூர் சென்றால் காமிராவைக் கைபேசியில் காண விரும்புவார். கைபேசி நிறுவனத்தார் முகவரிப் பஞ்சத்தால் பல வாடிக்கையாளர்க்கு ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்தளிக்கின்றனர், 100.64 முதல் 100.127 வரையுள்ள வரிசை இதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டது. அவ்வழியே வெளியினின்று கதவைத் தட்டுதல் இயலாது. உள்ளிருந்து நாமே வெளியே ஒரு சுரங்கம் அமைத்து, அதன் வழியாகவே அவர் உள்நுழையுமாறு செய்தேன். கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றினேன். வெளியுலகினின்று அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் வாயிலையும் அடைத்தேன். மேலும், இரு நிறுவனத்தார் பெட்டிகளையும் ரௌட்டரையும் ஒரே இன்வெர்ட்டரில் சேர்த்தேன். வழி இரண்டிருந்தும் மின்சாரம் ஒன்றாயின் அதுவும் ஒற்றைக் கயிறே.

எல்லாம் அமைந்தபின், தொழிலாளர் உணவுண்ணச் சென்ற வேளையில், மாமாவை அருகழைத்து முதல் வழியின் கம்பியை என் கையாலேயே பிடுங்கினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 15 நொடி கடந்து சிறிது நேரத்தில் திரை மீண்டும் அசைந்தது. “ஜெனரேட்டரைவிட இது சத்தமில்லாமல் மாறுகிறதே” என்றார். நம் இயற்பியற் கூடத்தில் இரண்டு விளக்குகளைத் தொடராகவும் பக்க இணைப்பாகவும் பொருத்திப் பார்த்த நினைவு அப்போது எனக்கு வந்தது. தொடரிணைப்பில் ஒன்றை அவிழ்த்தால் இரண்டும் அணையும். பக்க இணைப்பில் ஒன்றை அவிழ்த்தாலும் மற்றது எரியும். மதிப்பெண்ணுக்காகச் செய்த சோதனை பிழைப்புக்கும் உதவிற்று.

நிற்க. இதுகாறும் கூறியவை கருவியைப் பற்றியவை. ஆனால் அக்கருவியின் அமைப்புப் பக்கத்தில் ‘முதன்மை யாருக்கு’ என்று கேட்கும் ஓரிடம் உண்டு. அதற்கு விடையளிக்க இயற்பியல் போதாது.

எம் நிலையத்தை ஒட்டிய விடுதியில் நாற்பது பேர் தங்கியிருக்கின்றனர். பெரும்பாலோர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு மாநிலங்களினின்று வந்தவர். தகரக் கூரையின் கீழ்க் கைபேசி அலை சரிவர எட்டாது. இரவு 8 மணிக்கு மேல் அவர்கள் தம் மக்களின் முகத்தைக் காண்பது எம் இணையத்தின் வழியேதான். அவர்களுக்குத் தனிக் கிளையொன்று அமைத்து, காரியாலயக் கணினிகளை அக்கிளை தீண்டாதவாறு பிரித்து, இரண்டாம் வழியில் இடமளித்தேன். அதுவரை மாமாவும் இசைந்தார். ‘முதல் வழி அறுபட்ட நாளில் என் செய்வது?’ என்பதில்தான் கருத்து வேறுபட்டோம். அந்நாளில் காரியாலயம் முழுதும் இரண்டாம் வழிக்கு வந்துவிடும். “அன்றைக்கு விடுதியை அடைத்துவிடு, சரக்கு போனால்தானே அவர்களுக்கும் கூலி?” என்றார் மாமா. சிறிதளவேனும் திறந்திருக்கட்டும் என்று வேண்டினேன். அவர் இசையவில்லை. முதலாளி அவர், அவர் சொற்படி விதித்தேன்.

சென்ற தீபாவளிக்கு முன் வாரம் அவ்விதி சோதனைக்கு வந்தது. மாலை ஆறரை மணியளவில், தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய யந்திரம் எம் கம்பியை அறுத்துப் போட்டது. அவ்வேளை லாரி வாயிலில் நின்றது, யான் சீட்டெடுத்துக்கொண்டிருந்தேன். கருவி வழி மாறிற்று. முகவரி மாறியதால் தளம் என்னை ஒருமுறை வெளியேற்றி, மீண்டும் பெயர் சொல்லி நுழையச் செய்தது, அவ்வளவே. ஏழு மணிக்கு முன் லாரி புறப்பட்டது. முன்போல் எவரும் வாயிலுக்கும் உள்ளுக்குமாக நடக்கவில்லை. மாமா தேநீர் வரவழைத்தார்.

எட்டரை மணிக்குச் செக்கிங் பகுதி மேற்பார்வையாளரோடு ஒடிசாப் பெண்ணொருத்தி காரியாலய வாயிலில் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் அதிகம் வாராது. ஊரில் தாயிடம் விட்டுவந்த மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றும், இன்று மருத்துவரிடம் காட்டினரா என அறியவேண்டும் என்றும், விடுதியில் இணையமில்லை என்றும் மேற்பார்வையாளர் எடுத்துரைத்தார். மாமா என்னைப் பார்த்தார். “பேச மட்டும் என்றால் எவ்வளவு வேண்டும்?” என்று கேட்டார்.

“முகம் பாராமல் குரல் மட்டும் என்றால், ஓர் ஆளுக்கு நொடிக்கு 100 கிலோபிட் தாராளம், மாமா. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் 4 மெகாபிட். வழியின் அளவு 40.”

“பத்தில் ஒன்றா?”

“ஆம்.”

“இதற்கா அடைக்கச் சொன்னேன்?” என்றார் அவர், யாரையோ கேட்பவர் போல. பின்னர், “திற” என்றார்.

முழு அடைப்பை நீக்கி, ஆளுக்கு 100 கிலோபிட் என்னும் அளவை அவ்விடத்தில் இட்டேன். ஒரு நிமிடமும் ஆகவில்லை. அப்பெண் வாயிலிலேயே நின்று பேசினாள். மருத்துவரிடம் காட்டியாயிற்று என்பது அவள் முகத்தினின்று எமக்கு விளங்கிற்று. மறுநாள் நண்பகல் வரை முதல் வழி வரவில்லை. அதுவரை காரியாலய வேலையும் குறைவுபடவில்லை, விடுதியும் ஊமையாகவில்லை.

அமைப்புகள் அனைத்தையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, ரௌட்டர் இருக்கும் சிறு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கின்றேன். எந்தக் கம்பி எவருடையது, எந்தத் தொலைபேசி எண்ணுக்கு அழைப்பது, அமைப்புகளின் நகல் எந்தக் கணினியில் உள்ளது என்பன அதில் உண்டு. யான் ஊரிலில்லாத நாளில் மேற்பார்வையாளரே பார்த்துச் செய்ய வேண்டுமல்லவா? அத்தாளின் அடியில் மாமா தம் கையால் ஒரு வரி சேர்த்தார்: ‘விடுதி லைனை எப்போதும் முழுசாக அடைக்கக் கூடாது.’ ரௌட்டரின் புத்தகத்தில் அவ்விதி இல்லை.

அன்புள்ள மாணவ நண்பர்களே! நீங்கள் கல்லூரி நீங்கிப் பல ஊர்களில், மருத்துவமனையிலோ பள்ளியிலோ பண்டசாலையிலோ வேலைக்கு அமர்வீர்கள். ‘கணினி தெரிந்தவர்’ என்று இத்தகைய பெட்டியொன்றை உங்கள் பொறுப்பில் விடுவர். அப்போது மூன்று செயல்களை மறவாது செய்வீர்களாக. இரு வழியும் உண்மையில் இரண்டுதானா என்று தெருவில் இறங்கி நடந்து பாருங்கள். மாதம் ஒருமுறை, வேலை குறைந்த வேளையில், ஒரு கம்பியைப் பிடுங்கி மற்றது தாங்குகின்றதா என்று பாருங்கள். சோதியாத மாற்றுவழி இருந்தும் இல்லாததே. ‘முதன்மை யாருக்கு’ என்று அக்கருவி வினவுமிடத்தில், கடைசியில் நிற்பவர்க்கு எவ்வளவு போதும் என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தபின் எழுதுங்கள். பல வேளைகளில் அது பத்தில் ஒன்றுக்கு மேல் ஆகாது.